பெரிய காமிராவின் கண்ணும் இமையும்

துருத்தியும் முக்காலியும் கறுப்புத் துணியுமாக நிற்கும் பெரிய காமிராவை நம்மில் பலர் பழைய சினிமாப் படங்களில்தான் பார்த்திருப்போம். நம் பாட்டனார் கல்யாணத்தில் அந்தத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "யாரும் அசையக் கூடாது!" என்று அதட்டிய போட்டோக்காரரைப் பற்றி வீட்டில் கதை கேட்டிருப்போம். கைப்பேசியே ஐந்து கோடிப் புள்ளிகள் கொண்ட படத்தை எடுத்துவிடும் இந்தக் காலத்தில் அந்தக் காமிராவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. கட்டடம், மலைக்காட்சி, கல்வெட்டு, சுவரோவியம் இவற்றை நுணுக்கமாகப் பதிவு செய்கிறவர்கள் இன்றும் அதைத்தான் நாடுகிறார்கள். லென்ஸை மேலே தூக்கலாம், பக்கவாட்டில் நகர்த்தலாம், சாய்க்கலாம். இந்தச் சுதந்தரம் வேறு எந்தக் காமிராவிலும் இவ்வளவு தாராளமாகக் கிடையாது. முன்பு பிலிம் இருந்த இடத்தில் இப்போது டிஜிட்டல் சென்ஸர் உட்கார்ந்திருக்கிறது.

விடுதியில் என் அடுத்த அறை நண்பர் ஒருவர், தம் மாமா வைத்திருந்த 4×5 அங்குலக் காமிராவையும் அதன் 150 மி.மீ. லென்ஸையும் ஊரிலிருந்து சுமந்து வந்திருக்கிறார். "முதுகில் ஒரு டிஜிட்டல் கருவியை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது அல்லவா?" என்று கேட்டார். முடியாது என்பதற்கு நான் சொன்ன காரணங்களைக் கேட்ட மலர்க் குழுவினர், அதையே கட்டுரையாக எழுதித் தரும்படி பணித்துவிட்டார்கள். இந்தத் துறையில் ஒரு புது லென்ஸின் விலை லட்சக் கணக்கில் போகிறது. உதவித் தொகையில் காலம் தள்ளும் நம் போன்றவர்கள் காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு யோசிக்க முடியாது அன்றோ?

எந்த லென்ஸ், எந்த ஷட்டர் என்பதைப் பின்னால் உட்காரும் சென்ஸரே தீர்மானிக்கிறது. ஆகையால் முதலில் முதுகைப் பார்ப்போம். முகத்தைப் பிறகு பார்க்கலாம்.

சென்ஸர்களில் ஒரு வகை, படத்தைக் கோடு கோடாக வருடிச் செல்வது. அமெரிக்காவில் மைக்கேல் காலெட் என்பவர் 1990-களில் உருவாக்கிய பெட்டர் லைட் கருவி இந்த வகையைச் சேர்ந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வரிசைச் சென்ஸர்களை ஒரு சிறு மோட்டார் படத்தின் குறுக்கே மெல்ல நகர்த்திச் செல்லும். வருடும் பரப்பு 72×96 மி.மீ. அதன் ஒரு மாதிரியில் புள்ளிகள் 6,000×8,000. அப்படியானால் ஒவ்வொரு புள்ளிக்கும் 12 மைக்ரான் இடம். ஸ்டீபன் ஜான்சன் என்ற புகைப்படக் கலைஞர் 1994-இல் இதன் முன்மாதிரியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கத் தேசியப் பூங்காக்களைப் படம் எடுக்கக் கிளம்பினார். கம்பியும் கணிப்பொறியும் மின்கலமும் சேர்த்துச் சுமந்த அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னொரு வகை, முழுப் படத்தையும் ஒரே வீச்சில் பிடிக்கும் டிஜிட்டல் முதுகு. 2018-இல் வந்த ஃபேஸ் ஒன் ஐக்யூ4 150 என்ற கருவியில் சென்ஸர் 53.4×40 மி.மீ.; அதில் பதினைந்து கோடிப் புள்ளிகள். ஒரு புள்ளி 3.76 மைக்ரான்தான். இவை தவிர, ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் போன்ற ஒரு முழுக் காமிராவையே துருத்தியின் பின்பக்கம் மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. அதன் சென்ஸர் 43.8×32.9 மி.மீ. பெயர்தான் பெரிய காமிரா. சென்ஸர் என்னவோ தீப்பெட்டி அளவுதான் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

இந்தச் சின்ன அளவுதான் லென்ஸின் தலையெழுத்தை மாற்றிவிடுகிறது. 4×5 அங்குலப் பிலிமில் உண்மையில் படம் விழும் நீளம் சுமார் 120 மி.மீ. அதிலிருந்து 120 செ.மீ. நீளமுள்ள படத்தை அச்சிட்டால் பத்து மடங்கு பெரிதாக்குகிறோம். அதே படத்தை 53.4 மி.மீ. சென்ஸரிலிருந்து அச்சிட்டால் இருபத்திரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். லென்ஸில் உள்ள குற்றமும் அதே விகிதத்தில் பெரிதாகும். பழைய லென்ஸ்கள் மட்டமானவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரிய வட்டம் முழுவதிலும் நிதானமான கூர்மை தருவது அவற்றின் வேலை. சிறிய வட்டத்தில் மிகுந்த கூர்மை தருவது புதிய லென்ஸ்களின் வேலை. கலப்பையும் உளியும் இரண்டும் இரும்புதான், ஆனால் தொழில் வேறு.

இங்கே பௌதிகம் ஒரு தடை போடுகிறது. ஒளி ஒரு சிறு துவாரத்தின் வழியே போகும்போது விளிம்பில் சிதறிப் பரவும். இதை விளிம்பு விளைவு என்று பாடத்தில் படித்திருக்கிறோம். எவ்வளவு உத்தமமான லென்ஸாக இருந்தாலும் ஒரு நட்சத்திரத்தின் பிம்பம் புள்ளியாக விழாது; ஒரு சிறு வட்டமாகத்தான் விழும். அந்த வட்டத்தின் விட்டம், ஒளியின் அலைநீளத்தை எஃப் எண்ணாலும் 2.44-ஆலும் பெருக்கினால் வரும். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், எஃப் 8-இல் 10.7 மைக்ரான், எஃப் 11-இல் 14.8, எஃப் 22-இல் 29.5, எஃப் 32-இல் 43. அமெரிக்காவில் 1932-இல் ஆன்ஸல் ஆடம்ஸும் எட்வர்டு வெஸ்டனும் மற்றவர்களும் சேர்ந்து தங்கள் குழுவுக்கு எஃப் 64 என்றே பெயர் வைத்தார்கள். பெரிய பிலிமை வைத்துக்கொண்டு, அதிகம் பெரிதாக்காமல் அச்சிட்ட அவர்களுக்கு அது சரி. எஃப் 64-இல் அந்த வட்டம் 86 மைக்ரான். 3.76 மைக்ரான் புள்ளிகள் இருபதுக்கு மேல் அதன் விட்டத்தில் வரிசையாக நிற்கும்!

12 மைக்ரான் புள்ளிகள் உள்ள வருடும் கருவிக்கு எஃப் 11, எஃப் 16 வரை கவலையில்லை. நல்ல பிலிம் லென்ஸ் ஒன்று அதற்குத் தாராளமாகப் போதும். 3.76 மைக்ரான் சென்ஸரோ மில்லிமீட்டருக்கு 133 கோட்டு ஜோடிகள் வரை பதிவு செய்யவல்லது; எஃப் 22-இல் இயற்கை அனுமதிக்கும் உச்ச வரம்பே 83 ஜோடிகள்தான். பிலிம் காலத்துப் பெரிய லென்ஸ்களை அவற்றைச் செய்தவர்கள் எஃப் 22 அளவில் நன்றாக வேலை செய்யும்படி அமைத்தார்கள். ரோடன்ஸ்டாக் நிறுவனத்தின் டிகரான், ஷ்னைடரின் டிஜிடார் போன்ற லென்ஸ்கள் எஃப் 5.6 முதல் எஃப் 11 வரை உள்ள துவாரங்களுக்கென்றே கணக்கிடப்பட்டவை. பதினைந்து கோடிப் புள்ளிக்குப் பணம் கொடுத்துவிட்டு எஃப் 22-இல் படம் எடுப்பவர், வாங்கிய புள்ளிகளில் பெரும்பகுதியை வீசி எறிகிறார் என்பதே பொருள்.

நண்பரின் 150 மி.மீ. லென்ஸுக்கு இன்னொரு குறையும் உண்டு. 4×5 பிலிமில் அது சாதாரணக் கோணத்தைக் காட்டும். 53.4×40 சென்ஸரில் மாட்டினாலோ, பிலிமில் 340 மி.மீ. லென்ஸ் காட்டும் குறுகிய கோணத்தைத்தான் காட்டும். தூரத்து மலைச் சிகரத்துக்கு அது ஆகும். எதிரே நிற்கும் கட்டடத்துக்கு ஆகாது.

அப்படியானால் குவியத் தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லதா? பலர் இந்த இடத்தில் கடைக்காரர் பேச்சை நம்பிவிடுகிறார்கள். டில்லியில் இருக்கும் நமக்கு, குதுப் மினாரைக் காட்டிலும் நல்ல உதாரணம் கிடைக்காது. அதன் உயரம் ஏறத்தாழ 73 மீட்டர். அறுபது மீட்டர் தள்ளி முக்காலியை நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். (முக்காலிக்குத் தொல்பொருள் துறையின் முன்னனுமதி வேண்டும், அது தனிக் கதை.) காமிராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் மினார் பின்னால் சாய்வது போலப் படத்தில் விழும். காமிராவை நேராக நிறுத்தி லென்ஸை மட்டும் மேலே தூக்கினால் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும். ஆனால் எவ்வளவு தூக்கலாம்? லென்ஸ் பின்பக்கம் வீசும் ஒளிவட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூக்கலாம். இதைப் படவட்டம் என்போம்.

ரோடன்ஸ்டாக்கின் 23 மி.மீ. டிகரானுக்குப் படவட்டம் 70 மி.மீ. அவர்களுடைய 32 மி.மீ. டிகரானுக்கு 90 மி.மீ. சென்ஸரை நெட்டையாக நிறுத்தினால், 23 மி.மீ. லென்ஸை இரண்டு மில்லிமீட்டர்தான் தூக்க முடியும், 32 மி.மீ. லென்ஸைப் பதின்மூன்றரை மி.மீ. வரை தூக்கலாம். பித்தகோரஸ் தேற்றம் போதும், யாரும் போட்டுப் பார்க்கலாம். அறுபது மீட்டரிலிருந்து மினாரின் உச்சியை இரண்டு லென்ஸுமே சட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுகின்றன. ஆனால் 23 மி.மீ. லென்ஸில் மினாரின் பிம்பம் 28 மி.மீ. உயரம், சட்டத்தின் கீழ்ப்பாதி முழுவதும் வெறும் தரை. 32 மி.மீ. லென்ஸில் பிம்பம் 39 மி.மீ. மினார் மேல் விழும் புள்ளிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன் மேல் செதுக்கிய எழுத்துப் பட்டைகளைப் படிக்க வேண்டியவருக்கு இந்த வித்தியாசம் சாமானியமானதா? லென்ஸ் வாங்குகிறவர் குவியத் தூரத்தைக் கேட்பதற்கு முன் படவட்டத்தைக் கேட்க வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

படவட்டம் பெரிதாக இருந்தாலும் அதன் ஓரத்தில் வேறொரு தொல்லை உண்டு. பழைய அகலக் கோண லென்ஸ்களில் முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும். கோடுகளை வளைக்காமல் காட்டுவதில் அவற்றுக்கு இணை இல்லை. ஆனால் அவற்றின் பின்கண்ணாடி சென்ஸரை ஒட்டி உட்காருவதால், ஓரத்துக்குப் போகும் கதிர்கள் மிகவும் சாய்ந்து விழும். பிலிம் அதைப் பொருட்படுத்தாது. சென்ஸரின் புள்ளியோ சிறு கிணறு போன்றது. உச்சி வெயில் கிணற்றின் அடிவரை போகும், மாலை வெயில் சுவரில்தான் அடிக்கும். சாய்ந்த ஒளி அடுத்த கிணற்றில் சிந்திவிடுவதும் உண்டு. விளைவு, படத்தின் ஒரு ஓரம் இளஞ்சிவப்பாகவும் மறு ஓரம் பச்சையாகவும் சாயம் பூசினாற்போல் ஆகிவிடும். இதற்குப் பரிகாரமாக, ஒவ்வொரு படத்துக்கும் பிறகு லென்ஸின் முன் ஒரு பால்வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைப் பிடித்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டு, கணிப்பொறியில் கழித்துவிடுகிறார்கள். புதிய சென்ஸர்களில் கம்பி வேலைகளைப் பின்பக்கம் தள்ளிவிட்டதால் சாயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஓரம் இருண்டு போவது மட்டும் குறையவில்லை. 45 பாகை சாய்ந்து வரும் கதிர், கொசைனின் நான்காம் படி விதிப்படி, நடுவில் உள்ள ஒளியில் கால்பங்குதான் தரும்.

குவியம் பார்ப்பதிலும் பழைய தாராளம் செல்லாது. எஃப் 8-இல், ஐந்து மைக்ரான் வரை மங்கலைப் பொறுத்துக்கொள்வதானால், சென்ஸர் முன்னும் பின்னும் 40 மைக்ரான்தான் விலகலாம். மொத்தம் ஒரு தலைமயிரின் தடிமன். மரக் காமிரா எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. வருடும் கருவிக்கு அது போதும். சின்னப் புள்ளிக்கு உலோகத் தண்டில் ஓடும் காமிரா வேண்டும். துவாரத்தைச் சுருக்க முடியாத குறையை, லென்ஸைச் சாய்த்துச் சரிக்கட்டலாம். தரையோடு பரந்து கிடக்கும் காட்சி முழுவதும் கூர்மையாக விழ, லென்ஸின் தளமும் சென்ஸரின் தளமும் காட்சியின் தளமும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஆஸ்திரியப் படைத்தலைவர் தியோடர் ஷைம்ஃப்ளுக் 1904-இல் காப்புரிமை பெற்ற முறையோடு அவர் பெயரால் வழங்கும் விதி இது.

இனி இமைக்கு வருவோம். காமிராவின் இமையாகிய ஷட்டர் எங்கே இருக்க வேண்டும்? லென்ஸின் பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள். படம் பாதியாகாது, மங்கும், அவ்வளவே. ஏனென்றால் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் லென்ஸின் எல்லாப் பகுதியிலிருந்தும் ஒளி வருகிறது. ஆகவே லென்ஸின் நடுவில், துவாரத்தை ஒட்டி, சிறு தகடுகள் பூவிதழ் போல விரிந்து மூடினால் படம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒளி கிடைக்கும். இதுவே இதழ் ஷட்டர். ஜெர்மனியின் காம்பூர், ஜப்பானின் கோப்பல் ஆகியவை பல தலைமுறைகளுக்குப் பழக்கமானவை. கோப்பலில் 0, 1, 3 என்று மூன்று அளவுகள். பலகையில் முறையே 34.6, 41.6, 65 மி.மீ. ஓட்டை போட வேண்டும். உச்ச வேகம் முறையே விநாடியில் 500-இல், 400-இல், 125-இல் ஒரு பங்கு. தகடு பெரிதாக ஆக வேகம் குறைவது இயல்புதானே.

வருடும் கருவிக்கு ஷட்டரே வேண்டாம், திறந்தே வைத்துவிடலாம். ஒரு கோட்டுக்கு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு வீதம் 8,000 கோடுகள் வருட ஒன்பது நிமிஷம் ஆகும். அதற்குள் மேகம் சூரியனை மறைத்தால் படத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும். மூன்று நிறங்களும் ஒரே இடத்தை வெவ்வேறு கணத்தில் பார்ப்பதால், ஆடும் இலையும் ஓடும் நீரும் வானவில்லாகச் சிதறும். கல்வெட்டுக்கு இது உத்தமம், ஆலமரத்துக்கு ஆகாது.

பழைய சிசிடி முதுகுகளுக்கோ இதழ் ஷட்டர் இல்லாமல் முடியாது. புள்ளிகளில் சேர்ந்த மின்னேற்றத்தை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே எடுக்கும்வரை அங்கே இருட்டாக இருக்க வேண்டும். 3.9 கோடிப் புள்ளிகளும் 6.8 மைக்ரான் அளவும் கொண்ட ஃபேஸ் ஒன் பி45 இத்தகையது. இப்போது வரும் சீமாஸ் சென்ஸர்கள் வரிவரியாகத் தாமே திறந்து மூடிக்கொள்கின்றன. மின்னணு ஷட்டர் என்று இதற்குப் பெயர். சத்தமில்லை, அதிர்வில்லை, தேய்மானமில்லை. ஆனால் பெரிய சென்ஸரில் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே விநாடியின் கணிசமான பகுதி கழிந்துவிடுகிறது. அதற்குள் அசைந்த கொடி வளைந்துபோகும். நம் மின்சாரத்தில் விநாடிக்கு நூறு தடவை துடிக்கும் சில விளக்குகள் படத்தில் பட்டை போடும். மின்னல் விளக்கு பயன்படாது. அசையாத மலைக்கு இதை முழு மனத்தோடு சிபாரிசு செய்வேன். காற்றடிக்கும் கோதுமை வயலுக்கு மாட்டேன்.

கோப்பல் இயந்திர ஷட்டர்களின் உற்பத்தி நின்றுவிட்டது. புதிய டிகரான் லென்ஸ்கள் வெறும் துவாரத்தோடு கிடைக்கின்றன, அல்லது ஃபேஸ் ஒன்னின் எக்ஸ்-ஷட்டர் போன்ற மின் ஷட்டரில் பொருத்தப்பட்டு வருகின்றன. 2019-இல் எக்ஸ்டி காமிராவுடன் வந்த அது, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு மணி நேரம் வரை போகும். அருமையான சாதனம்தான். ஆனால் அதே நிறுவனத்தின் முதுகோடு பேசுவதற்கென்றே செய்யப்பட்டது. கண்ணாடி நூறாண்டு உழைக்கும். அதனோடு தாலி கட்டிய மின்சுற்று எத்தனை ஆண்டு உழைக்கும் என்று வாங்குமுன் ஒரு நிமிஷம் யோசிப்பது நல்லது.

கையில் காசு குறைவாக உள்ள மாணவருக்கு என்ன வழி? இருட்டறைகள் மூடப்பட்ட பிறகு, படம் பெரிதாக்கும் கருவிகளின் லென்ஸ்கள் அலமாரிகளில் தூங்குகின்றன. எல்-நிக்கார், ரோடகான், காம்போனான் இவை தட்டையான பிலிமின் மணலைக் கூடக் கூர்மையாகக் காட்டவென்று செய்தவை. 80 மி.மீ. லென்ஸ் ஒன்றின் படவட்டம் சுமார் 80 மி.மீ. இருக்கும், ஜிஎஃப்எக்ஸ் சென்ஸரில் பதினைந்து மி.மீ. வரை தூக்க இடம் உண்டு. எஃப் 8-இல் தூரக் காட்சிக்கும் நன்றாகவே வேலை செய்யும். ஷட்டர் காமிராவிலேயே இருக்கிறது. அகலக் கோணத்துக்கு மட்டும் இந்த வழி உதவாது. காமிராவின் உடலே 26.7 மி.மீ. ஆழத்தை விழுங்கிவிடுவதால் குட்டை லென்ஸ் நெருங்க முடியாது. அதற்கு, நகர்த்தி எடுத்த இரண்டு மூன்று படங்களை ஒட்டிக்கொள்ளலாம். நண்பரின் மாமா லென்ஸையும் தூர எறிய வேண்டியதில்லை. பழைய வருடும் கருவி ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதற்கு அது சரியான ஜோடி.

பழைய இதழ் ஷட்டர் வாங்குகிறவர் ஒன்று செய்ய வேண்டும். பௌதிகக் கூடத்தில் ஒரு போட்டோ டயோடும் ஆஸிலாஸ்கோப்பும் கேட்டால் கிடைக்கும். லென்ஸின் முன்னால் நேர்மின்சாரத்தில் எரியும் விளக்கு, பின்னால் டயோடு. ஷட்டரைத் தட்டினால் திரையில் ஒரு மேடை தோன்றும். அதன் அகலம்தான் உண்மையான நேரம். ஒவ்வொரு வேகத்துக்கும் பத்துத் தடவை பாருங்கள். அறுபதில் ஒரு பங்கு என்று குறித்த இடத்தில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தால் மோசமில்லை. ஒரு சீட்டில் எழுதி லென்ஸ் பலகையின் பின்னால் ஒட்டிவிடலாம். பத்துத் தடவையும் பத்து விதமாக வந்தால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அரை விநாடி, ஒரு விநாடி போன்ற மெதுவான வேகங்களுக்குக் கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்து, திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தாலே போதும். இதைக் கூடத்துக்குள் அல்ல, ஜனவரி மாதத்து விடியற்காலையில் விடுதி மொட்டை மாடியில் செய்ய வேண்டும். பல்சக்கரங்களில் பழைய எண்ணெய் இறுகியிருந்தால் அந்தக் குளிரில்தான் குட்டு வெளிப்படும்.